அக்கா வழியில் வந்தது

ஏ.எஸ்.ராவ் நகர்,
14 ஆகஸ்ட் 2006

ஜகதீசனுக்கு,

இருபது வருடமாக உனக்கு ஒரு வரி எழுதியதில்லை. இப்போதும் விருப்பப்பட்டு எழுதவில்லை. போன் பண்ணிவிடலாமே என்று உன் அக்கா பகவதி சொன்னாள். உன் குரலைக் கேட்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. ஈமெயில் அனுப்பச் சொன்னாள் என் மகள் ஹம்ஸினி. பாலாநகரில் லேத் பட்டறை வைத்திருக்கிறவனுக்கு ஈமெயில் எங்கே இருக்கப்போகிறது. அதனால் தபால்.

விஷயம் இதுதான். என் மகன் அனிருத் விமானப்படையில் பைலட் வேலைக்குத் தேர்வு எழுதியிருந்தான். ஐந்து நாள் நடக்கிற நேர்முகத் தேர்வில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களில் தேறிய ஆறு பேரில் அவன் ஒருவன். மருத்துவப் பரிசோதனையில் நிறுத்திவிட்டார்கள். உயரம், இதயம், காது எல்லாம் சரி. புள்ளிகளுக்கு நடுவே எண் ஒளிந்திருக்கும் படங்களைக் காட்டியபோது எல்லா எண்ணையும் சரியாகச் சொல்லியிருக்கிறான். பிறகு இருட்டறையில் உட்காரவைத்துப் பொட்டு அளவு விளக்குகளைக் காட்டியிருக்கிறார்கள். சிவப்பைப் பச்சை என்றானாம், பச்சையை வெள்ளை என்றானாம். நிறக்குருடு என்று எழுதிக் கையில் கொடுத்துவிட்டார்கள்.

செகந்திராபாத்தில் ஒரு கண் மருத்துவரிடம் அழைத்துப்போனேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. பகவதியைப் பார்த்து, "உங்க பக்கத்துல யாருக்காவது இருக்கா?" என்று கேட்டார். யாருக்கும் இல்லை என்று நான் வாயெடுப்பதற்குள் அவள், "என் தம்பிக்கு இருக்கு டாக்டர்" என்றாள். இருபத்தைந்து வருடம் குடும்பம் நடத்திய பிறகு, ஒரு டாக்டரின் அறையில் வைத்து இதை நான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. உனக்கு எப்படித் தெரியும் என்று வீட்டுக்கு வந்து கேட்டேன். சின்ன வயதில் கவனித்திருக்கிறேன் என்றாள்.

உன் குடும்பத்தில் பெண் எடுத்தபோது ஜாதகம் பார்த்தேன். நகை பற்றிப் பேசவில்லை, வீடு வாசல் பற்றிப் பேசவில்லை. இதைப் பார்க்கத் தவறிவிட்டேன். என் பக்கத்தில் அறுபது வயதுக்கு முன் கண்ணாடி போட்டவர்கள்கூடக் கிடையாது.

உனக்கு இது உண்மையிலேயே இருக்கிறதா, எப்போதிலிருந்து என்று எழுது. இன்னொன்று. ஹம்ஸினிக்கு மாப்பிள்ளை நிச்சயம் செய்திருக்கிறோம். பையன் வெங்கட், மாதாப்பூரில் சாஃப்ட்வேர் கம்பெனியில் இருக்கிறான். அவன் அப்பா சந்திரசேகரன் உன் பட்டறைக்கு வந்துபோகிறவர் என்று கேள்விப்பட்டேன். உன் கண்ணைப் பற்றி அவரிடம் வாயைத் திறக்காதே. இதுவரை எனக்கு நீ செய்ததே போதும்.

லக்ஷ்மிநாராயணன்


பாலாநகர்,
21 ஆகஸ்ட் 2006

திரு. லக்ஷ்மிநாராயணன் அவர்களுக்கு,

அத்தான் என்று எழுதிப் பார்த்தேன். கை வரவில்லை.

ஈமெயில் இருக்கிறது. உங்களுக்குத் தருவதாக இல்லை.

உங்கள் கேள்விக்குப் பதில்: ஆமாம், இருக்கிறது. பிறந்ததிலிருந்தே இருக்கிறது. எனக்கே அது தெரிந்தது 1994-இல். பார்க்கிறது எல்லாருக்கும் இப்படித்தான், மற்றவர்கள் என்னைவிட நன்றாக ஊகிக்கிறார்கள் என்றுதான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

உங்களுக்கு மறந்திருக்கலாம் என்பதால் எழுதுகிறேன். இங்கே முன்பு இருந்த மின்சாரப் பேனல் கம்பெனியில் என்னை வயரிங்கில் சேர்த்துவிட்டது நீங்கள்தான். அப்போது அங்கே இன்ஸ்பெக்‌ஷனுக்கு நீங்கள் தலைவர். எனக்குப் பக்கத்து மேசையில் நாகம்மா என்று ஒரு பெண். வயரை எடுத்துக் காட்டி, "நாகம்மா, இது எது?" என்று கேட்பேன். சிவப்பென்றால் "எர்ர" என்பாள், பச்சையென்றால் "பச்ச" என்பாள். தெலுங்குக்காரி, நான் பாஷை கற்றுக்கொள்கிறேன் என்று நினைத்தாள். 1986 ஜூன் மாதம் ஒருநாள் அவள் லீவு. அன்று நான் எர்த் கொடுக்க வேண்டிய இடத்தில் மின்சாரம் வருகிற லைனைக் கொடுத்துவிட்டேன். பச்சைக்குப் பதில் சிவப்பு. மறுநாள் பவர் போட்டதும், பெட்டியின் மேல் கை வைத்திருந்த அய்யாக்கண்ணுக்கு வலது கை வெந்துபோயிற்று. இரண்டு விரலை எடுத்தார்கள்.

நீங்கள் மூன்று வரி எழுதினீர்கள். "கவனக்குறைவு. மது அருந்தியிருக்கலாம். பணியில் வைத்திருக்கத் தகுதியற்றவர்." அன்றோடு என்னைக் கம்பெனியை விட்டு அனுப்பினார்கள். உங்கள் வீட்டிலிருந்து நீங்கள் அனுப்பினீர்கள்.

எட்டு வருடம் கழித்து என் மகள் அனுபமாவின் பள்ளிக்கூடத்தில் கண் முகாம். அவளுக்கு ஆறு வயது. புள்ளிப் படத்தைப் பார்த்து "பன்னெண்டு, எட்டு, இருபத்தொம்பது" என்று அவள் சொல்லிக்கொண்டே போகிறாள். நானும் எட்டிப் பார்த்தேன். முதல் படத்தில் பன்னிரண்டு தெரிந்தது. மற்றதில் வெறும் புள்ளி. "எண் எங்கட்டி இருக்கு?" என்று கேட்டேன். "விளையாடாதப்பா" என்றாள். டாக்டர் அவளை வெளியே அனுப்பிவிட்டு என்னை உட்காரவைத்தார்.

அவர் படம் போட்டு விளக்கியதை அப்படியே எழுதி உங்களுக்கு ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பினேன். என்னைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டு அல்ல. அப்போது அனிருத்துக்கு ஒன்பது வயது. எனக்கு இது என் அம்மாவிடமிருந்து வந்திருக்கிறது, அதனால் அக்காவுக்குள்ளும் இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு, அவளிடம் இருந்தால் அனிருத்துக்கு வரவும் பாதிக்குப் பாதி, பையனை ஒருமுறை காட்டிவிடுங்கள் என்று எழுதியிருந்தேன். "வாங்க மறுத்துவிட்டார்" என்று முத்திரை குத்தித் திரும்பி வந்தது. நீங்கள் அதைப் பிரித்திருந்தால் உங்கள் பையனை இத்தனை வருடம் ஆகாயத்தைக் காட்டி வளர்த்திருக்க மாட்டீர்கள்.

சந்திரசேகரனிடம் நான் எதுவும் சொல்லப்போவதில்லை. அவருக்கு என்னிடம் வேண்டியது மிஷினுக்கு நான் கடைந்து கொடுக்கிற புஷ் மட்டும். உங்களைப் போல அவருக்கு என் குலம் கோத்திரம் எல்லாம் அவசியப்படவில்லை.

ஜகதீசன்


ஏ.எஸ்.ராவ் நகர்,
28 ஆகஸ்ட் 2006

ஜகதீசனுக்கு,

கேட்டது இரண்டு கேள்வி. நீ உன் வாழ்க்கை வரலாற்றையே அனுப்பியிருக்கிறாய்.

முகாமில் ஏதோ ஒரு டாக்டர் போட்ட படத்தை வைத்துக்கொண்டு எனக்குப் பாடம் நடத்துகிறாய். முப்பது வருடம் அளவீட்டுத் துறையில் இருப்பவன் நான். உன் கதையில் நிற்காத இடங்களைச் சொல்கிறேன். பகவதி ஜவுளிக்கடையில் ஒரே பச்சையில் ஏழு பச்சை பிரித்துக் காட்டுவாள். ரவிக்கைத் துணியைப் புடவையோடு வெயிலில் வைத்துப் பார்த்துத்தான் எடுப்பாள். அவளுக்குள் இந்தக் கோளாறு இருக்கிறது என்றால் அவள் கண்ணில் தெரியாதா? தன்னிடம் இல்லாததை ஒருத்தி பிள்ளைக்கு எப்படிக் கொடுப்பாள்?

சரி, இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். பிள்ளை என்பவன் தாயில் பாதி, தகப்பனில் பாதி. என் கண் பழுதில்லாதது. பாதியாவது தேறியிருக்க வேண்டாமா? முழுக் குறையும் உங்கள் பக்கத்திலிருந்து வந்து, என் பக்கத்திலிருந்து ஒன்றுமே போகவில்லை என்பது எந்த ஊர்க் கணக்கு?

எல்லாவற்றுக்கும் மேலே, புள்ளிப் படங்களில் அவன் ஒன்றுகூடத் தப்பாகச் சொல்லவில்லை. உனக்கு வெறும் புள்ளி தெரிந்த இடத்தில் அவனுக்கு எண் தெரிந்திருக்கிறது. ஆகவே அவனுக்கு இருப்பது உன் கோளாறு இல்லை. விளக்குச் சோதனையில்தான் ஏதோ தவறு. மறுபரிசோதனைக்கு விண்ணப்பம் தயார் செய்துவிட்டேன்.

உன் கடிதத்தில் நீ வேலை இழந்தது இரண்டு பத்தி வருகிறது. அய்யாக்கண்ணுவின் கை ஒரு வரி. காரணம் தெரிந்துவிட்டதால் அவன் விரல் முளைத்துவிடப்போவதில்லை. இதையும் எந்த டாக்டரிடமாவது கேட்டுக்கொள்.

லக்ஷ்மிநாராயணன்


பாலாநகர்,
4 செப்டம்பர் 2006

திரு. லக்ஷ்மிநாராயணன் அவர்களுக்கு,

பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிவது முப்பது வருட அளவீட்டுத் துறைக்குத் தெரியவில்லை. அனுபமாவின் பழைய பாடப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

நீங்கள் நினைப்பது பாலும் டிகாஷனும் கலக்கிற மாதிரி. இவர் கொஞ்சம் அவர் கொஞ்சம் சேர்ந்து நடுவில் ஒரு நிறம். அப்படி நடப்பதில்லை. அம்மா அப்பா இருவரிடமிருந்தும் பிள்ளைக்குச் சீட்டுச் சீட்டாக வருகிறது. ஒவ்வொரு விஷயத்துக்கும் அம்மாவிடமிருந்து ஒரு சீட்டு, அப்பாவிடமிருந்து ஒரு சீட்டு. சீட்டு கரைவதில்லை. மூன்று தலைமுறை மடித்து வைத்திருந்தாலும் எழுத்து அழியாமல் அப்படியே வெளியே வரும். என் அம்மாவுக்குச் செம்பருத்தியும் தெரியும், அது மறைந்திருக்கிற இலையும் தெரியும். அவளிடமிருந்துதான் எனக்கு வந்தது.

சிவப்பு பச்சை பிரித்துப் பார்க்கிற சீட்டு எக்ஸ் என்கிற குரோமோசோமில் இருக்கிறது. பெண்களுக்கு எக்ஸ் இரண்டு. என் தொழிலில் வைத்துச் சொல்கிறேன்: ஒரே பாகத்துக்கு இரண்டு டிராயிங் கையில் இருக்கிறது. ஒன்று கிழிந்திருந்தால் மற்றதைப் பார்த்துப் பாகத்தைக் கடைந்துவிடலாம். வாங்குகிறவனுக்கு வித்தியாசம் தெரியாது. அக்கா அப்படித்தான். ஏழு பச்சையும் தெரியும். கிழிந்த டிராயிங்கும் உள்ளே இருக்கும்.

ஆணுக்கு எக்ஸ் ஒன்றுதான். அது அம்மா கொடுப்பது. அவள் இரண்டில் எதைக் கொடுப்பாள் என்பது அவள் கையில் இல்லை, பூவா தலையா மாதிரி. அப்பா மகனுக்குக் கொடுப்பது ஒய். அதில் இந்தச் சீட்டே கிடையாது. உங்கள் பழுதில்லாத கண் ஹம்ஸினிக்குப் போயிருக்கிறது. அவளுக்கு எல்லா நிறமும் தெரியும். உள்ளே இருப்பது பாதி வாய்ப்பு. அனிருத்துக்கு நீங்கள் கொடுத்தது, அவன் ஆண்பிள்ளையாகப் பிறந்தது மட்டும்தான். இந்த விஷயத்தில் பழி சொல்லவும் உங்களுக்கு இடமில்லை, பெருமை சொல்லவும் இடமில்லை. உங்களுக்கு அதுதான் தாங்கவில்லை என்று நினைக்கிறேன்.

என் மகள் அனுபமாவுக்குப் பாதி வாய்ப்பு என்றெல்லாம் கிடையாது. என்னிடம் இருப்பது ஒரே எக்ஸ், அதைத்தான் அவளுக்குக் கொடுக்க முடிந்தது. அவளிடம் கட்டாயம் இருக்கிறது. பதினைந்து வயதில் அவளே நோட்டில் கட்டம் போட்டுப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள். நான் ஒளித்து வைக்கவில்லை.

புள்ளிப் படத்தில் எப்படித் தேறினான் என்று கேட்கிறீர்கள். அந்தப் புத்தகத்தில் மொத்தம் முப்பத்தெட்டுப் படம். எந்த நெட் சென்டரிலும் பார்க்கலாம். படிக்கிற பையன் முப்பத்தெட்டை மனப்பாடம் செய்ய முடியாதா? விளக்கை மனப்பாடம் செய்ய முடியாது. இதற்கு மேல் நான் எழுத மாட்டேன். விண்ணப்பத்தைத் தபாலில் போடுவதற்கு முன் உங்கள் வீட்டில் இருப்பவர்களிடம் ஒரு கேள்வியாவது கேட்டுப் பாருங்கள். உங்களுக்கு அது பழக்கமில்லை என்று தெரியும்.

அய்யாக்கண்ணு என் பட்டறையில்தான் இருக்கிறார். பதினெட்டு வருடமாக. மூன்று விரலோடு டிரில்லிங் மிஷின் ஓட்டுகிறார். ஏதாவது வயர் மாட்ட வேண்டியிருந்தால் நான் அவரைக் கூப்பிட்டு நிறம் கேட்டுக்கொள்கிறேன். அவர் கைக்காக என்னை வேலையை விட்டு அனுப்பினீர்கள். அந்தக் கையை நீங்கள் எத்தனை தடவை போய்ப் பார்த்தீர்கள்?

ஜகதீசன்


ஏ.எஸ்.ராவ் நகர்,
25 செப்டம்பர் 2006

ஜகதீசனுக்கு,

விண்ணப்பத்தில் அனிருத் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. பேனாவை நீட்டினேன். அவன் வாங்கவில்லை. "வொத்து நான்னா" என்றான். வீட்டில் அவன் தமிழ் பேசி நீ கேட்டிருக்க மாட்டாய். நானும் அதிகம் கேட்டதில்லை. வேண்டாமா, ஏன் என்று கேட்டேன். "நாக்கு தெலுசு. சின்னப்போலேருந்தே தெரியும்" என்றான்.

எது தெரியும் என்று கேட்டதற்குப் பகவதி பதில் சொன்னாள்.

1994-இல் லோத்குண்டா காய்கறிச் சந்தையில் நீ அவளைப் பார்த்துச் சொன்னாயாம். அவள் அன்றே ஒரு பெட்டி ஸ்கெட்ச் பேனா வாங்கி வந்து மூடிகளை எல்லாம் கழற்றிவிட்டுப் பிள்ளையை எடுத்துக் கொடுக்கச் சொல்லியிருக்கிறாள். அவன் பழுப்பையும் பச்சையையும் சேர்த்து ஒரு பக்கம் அடுக்கியிருக்கிறான். அதிலிருந்து பன்னிரண்டு வருடம். கிரேயானில் பெயர் எழுதி ஒட்டியது அவள். பூகோள வரைபடத்தில் காடு எது, மலை எது என்று பென்சிலால் குறித்தது அவள். அலமாரியில் அவன் சட்டைகளை வரிசையாக மாட்டி, எந்த வரிசை மாறக்கூடாது என்று சொல்லிவைத்தது அவள். சிக்னலில் மேலே எரிந்தால் நில், கீழே எரிந்தால் போ. சாப்பிடும்போது தட்டில் தக்காளித் துவையலை வலதுபக்கமும் புதினாவை இடதுபக்கமும் வைப்பாள். அது ஏதோ சாஸ்திரம் என்று நினைத்திருந்தேன்.

அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது ஒன்றே ஒன்றுதானாம்: "அப்பாட்ட மட்டும் சொல்லிராத."

என் சம்பளத்தில், என் கூரைக்குக் கீழே, என்னைச் சுற்றி ஒரு நாடகம் நடந்திருக்கிறது. அதை எழுதிக்கொடுத்தவன் நீ. பைலட் தேர்வுக்கு நான் பெயர் கொடுக்கச் சொன்னபோதுகூட அவன் சொல்லவில்லை. முப்பத்தெட்டுப் படத்தையும் மனப்பாடம் செய்திருக்கிறான். நீ சொன்னபடியே. திருடனுக்குத் திருடன் வழி தெரிகிறது.

எனக்கு வந்த கோபத்தில், "மாமன் புத்தி அப்படியே வந்திருக்குல்லா, ஏமாத்துக்காரப் பய" என்று சொன்னேன். அவன் ஒரு பையில் துணியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். ஐந்து நாள் ஆகிறது. பகவதி வீட்டில்தான் இருக்கிறாள். சமைக்கிறாள். பேசுவதில்லை. அவன் எங்கே என்று அவளிடம் கேட்டால், கேட்கத் தெரிந்தவர்களுக்குச் சொல்வேன் என்கிறாள்.

உன்னிடம்தான் இருப்பான். அனுப்பிவை.

லக்ஷ்மிநாராயணன்


பாலாநகர்,
3 அக்டோபர் 2006

திரு. லக்ஷ்மிநாராயணன் அவர்களுக்கு,

இங்கேதான் இருக்கிறான். அனுப்பிவைக்க அவன் பார்சல் இல்லை. போக வேண்டும் என்று அவனுக்குத் தோன்றும்போது போவான்.

வந்த அன்று சாப்பிடவில்லை. என் மனைவி வசந்தி மூன்று தடவை கூப்பிட்டாள். "நக்கோ அத்தை", வேண்டாம் என்றே சொல்லிக்கொண்டிருந்தான். மறுநாள் அனுபமாவோடு உட்கார்ந்து இந்தக் கட்டங்களை எல்லாம் போட்டுப் பார்த்தான். அவளிடமும் இருக்கிறது என்று தெரிந்ததும் சிரித்தான். வந்ததிலிருந்து அதுதான் முதல் சிரிப்பு. இப்போது மாதாப்பூரில் இரண்டு கம்பெனிக்கு நேர்முகத் தேர்வுக்குப் போய்வந்திருக்கிறான். ஏரோப்ளேனை மறந்துவிட்டானா என்று எனக்குத் தெரியாது, நான் கேட்கவில்லை.

நீங்கள் எழுதாத ஒன்றை அவன் சொன்னான். காலனி மைதானத்தில் அவனுக்குப் பதினொரு வயது இருக்கும்போது ஒரு கேட்ச் விட்டானாம். சிவப்புப் பந்து புல்லில் விழுந்து உருண்டுபோனது. காலடியில் கிடக்கிறது, இவன் தேடிக்கொண்டே இருக்கிறான். நீங்கள் வேலியோரம் நின்று, "கண்ணு என்ன பிடரியிலயால இருக்கு?" என்று கேட்டீர்களாம். மற்றப் பிள்ளைகள் எல்லாம் சிரித்தார்கள். அதற்குப் பிறகு நான்கு வருடம் அவன் விளையாடப் போகும்போதெல்லாம் அதே கேள்வியைத் தெலுங்கில் மொழிபெயர்த்துக் கேட்டிருக்கிறார்கள். உங்களுக்கு ஞாபகம் இருக்காது. அப்படிச் சொல்வது உங்களுக்கு மூச்சு விடுகிற மாதிரி.

என்னை நாடகம் எழுதியவன் என்கிறீர்கள். லோத்குண்டாவில் அன்று அக்காவிடம் நான் சொன்னது, "அத்தான்ட்ட சொல்லு. டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போகச் சொல்லு" என்றுதான். அவள் கத்திரிக்காயைப் பொறுக்கிக்கொண்டே சொன்னாள்: "உன்னைப் பத்தி எழுதுன மூணு வரிய அவுக ஆபீஸ்ல எழுதுறதுக்கு முந்தின நாளே எங்கிட்ட வாசிச்சுக் காட்டினாக, ஜெகா. நல்லா இருக்கான்னு கேட்டாக. எம்பிள்ளைக்கு அப்படி மூணு வரி வேண்டாம்." அப்போது நீங்கள் என்னைச் சொன்ன வார்த்தை எனக்கு உறைத்ததைவிட, அதை நல்லா இருக்கா என்று நீங்கள் கேட்டதுதான் உறைத்தது.

மாமன் புத்தி என்று சொல்லியிருக்கிறீர்கள். கண் எந்த வழியில் வந்தது என்று படம் போட்டுக் காட்டிவிட்டேன். புத்தி எந்த வழியில் வருகிறது என்று என்னிடம் புத்தகம் இல்லை. ஆனால் ஒன்பது வயதுப் பிள்ளை தன் கண்ணை மறைக்கக் கற்றுக்கொண்டது யாருக்குப் பயந்து என்பதற்குப் புத்தகம் தேவையில்லை.

சொந்த வீட்டில் பன்னிரண்டு வருடம் தட்டில் துவையல் இடம் மாறாமல் இருந்ததைப் பார்த்துக்கொண்டே இருந்தவர் நீங்கள். இன்ஸ்பெக்‌ஷனில் உங்களுக்கு நல்ல பெயர் இருந்தது என்று கேள்வி.

ஜகதீசன்


ஏ.எஸ்.ராவ் நகர்,
16 அக்டோபர் 2006

ஜகதீசனுக்கு,

ஹம்ஸினி என்னைக் கேட்காமலே வெங்கட்டிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். தன்னிடம் இருக்கலாம், பிறக்கப்போகும் ஆண்பிள்ளைக்கு வரலாம் என்று. அவன் தன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறான். "அவ்வளவுதானா? நான் வேற ஏதோன்னு பயந்துட்டேன்" என்றாராம் அந்த அம்மாள். கல்யாணம் தையில் நடக்கிறது. இரண்டு மாதமாக நான் காத்துக் கொண்டிருந்த ரகசியம் அவர்கள் வீட்டில் ஒரு வாய் காபிக்குள் முடிந்துவிட்டது.

போன புதன்கிழமை மத்தியானம் நீ இல்லாத நேரமாகப் பார்த்து உன் பட்டறைக்கு வந்தேன். அய்யாக்கண்ணு உன்னிடம் சொல்லியிருப்பான். அவனுக்கு என்னை அடையாளம் தெரிந்தது. ஸ்டூலைத் துடைத்துப் போட்டான். நான் கேட்பதற்கு முன் அவனே கையை நீட்டிக் காட்டினான், ஏதோ நான் அளவு சரிபார்க்க வந்த மாதிரி. அன்றைக்கு ஜகதீசன் குடித்திருந்தானா என்று கேட்டேன். "டீ கூடக் குடிக்கல சார். நாகம்மா வரலன்னு காலைலேருந்து மொகமே சரியில்ல" என்றான். இதை 1986-இல் ஏன் சொல்லவில்லை என்றேன். "நீங்க ஆஸ்பத்திரிக்கு வரலயே சார்" என்றான்.

மது அருந்தியிருக்கலாம் என்று நான் எழுதியது ஆய்வில் கண்டது இல்லை. மைத்துனனைச் சேர்த்துவிட்டு மாட்டிக்கொண்டேனே என்ற எரிச்சலில் எழுதியது. அதைத் தப்பு என்று எழுதித் தருகிறேன்; இந்தக் கடிதமே அதற்குப் போதும், யாரிடம் வேண்டுமானாலும் காட்டிக்கொள். கவனக்குறைவு என்ற வார்த்தையை முழுதாக எடுக்க என்னால் முடியாது. ஒருத்தியைக் கேட்டுக் கேட்டு நிறம் தெரிந்துகொள்கிறவன், அவள் வராத அன்று வயரைத் தொட்டிருக்கக் கூடாது. இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

கேட்ச் விட்டது எனக்கு ஞாபகம் இருக்கிறது. என்ன சொன்னேன் என்பது இல்லை.

நேற்றுக் காலை மைதானத்துக்கு ஒரு பந்து வாங்கிக்கொண்டு போனேன். புல்லில் போட்டுவிட்டுப் பத்தடி தள்ளி நின்று பார்த்தேன். இருபதடி. நாற்பதடி. எங்கே நின்றாலும் எனக்குத் தெரிகிறது. தெரியாமல் இருப்பது எப்படி என்று எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. வாக்கிங் வந்தவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

உனக்கு அது எப்படித் தெரியும்? புல்லும் பந்தும் ஒரே நிறமாகவா, இல்லை பந்தே இல்லாத மாதிரியா? சிவப்பு என்று நாங்கள் சொல்லும்போது நீ எதைப் பார்க்கிறாய்? விவரமாக எழுது. அனிருத்திடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

லக்ஷ்மிநாராயணன்


பாலாநகர்,
19 அக்டோபர் 2006

திரு. லக்ஷ்மிநாராயணன் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. யாரிடமும் காட்டவில்லை. குடித்திருந்தேன் என்று நம்பியவர்களில் பாதிப் பேர் செத்துவிட்டார்கள், மீதிப் பேருக்கு நான் யார் என்றே ஞாபகம் இருக்காது. வசந்தி மட்டும் வாசித்தாள். இரண்டு தடவை வாசித்தாள்.

கவனக்குறைவு பற்றி நீங்கள் சொன்னது சரி. அதைச் சொல்ல நீங்கள் வேண்டியதில்லை. பதினெட்டு வருடமாக அவர் கையைப் பார்த்துக்கொண்டுதான் காலையில் ஷட்டரைத் தூக்குகிறேன்.

நான் எப்படிப் பார்க்கிறேன் என்று கேட்டதற்கு எழுத மாட்டேன். எழுதினால் நீங்கள் அதை வைத்து உங்கள் பையனைப் படித்துவிட்டதாக நினைத்துக்கொள்வீர்கள். எனக்குத் தெரிகிற மாதிரியேதான் அவனுக்கும் தெரியும் என்று நானே நிச்சயமாகச் சொல்ல முடியாது. என்னை வைத்து அவனைத் தெரிந்துகொள்ளப் பார்த்துத்தான் இவ்வளவும் ஆனது.

அவனுக்கு மாதாப்பூரில் வேலை கிடைத்துவிட்டது. திங்கட்கிழமை சேர்கிறான். நாளை மறுநாள் தீபாவளிக்கு அம்மாவைப் பார்க்க வீட்டுக்கு வருகிறேன் என்று அக்காவிடம் போனில் சொல்லியிருக்கிறான். உங்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நீங்கள் வீட்டில் இருப்பீர்கள் என்று அவனுக்குத் தெரியும், தெரிந்தும் வருகிறான்.

அவனிடம் கேளுங்கள். எனக்கு எழுதிய அதே கேள்வியை. அவன் தெலுங்கிலோ இங்கிலீஷிலோ ஏதாவது சொல்வான், பாதியில் நிறுத்துவான், நீங்கள் சிவப்பு என்று நினைப்பதற்கு வேறு ஏதாவது பெயர் சொல்வான். சொல்லி முடிக்கிறவரை திருத்தாதீர்கள்.

ஜகதீசன்